பனிக்காலத்துக்கு முன் ஏற்காட்டு வீட்டு முற்றம்

ஏற்காட்டில் பனிக்காலத்துக்குத் தயாராவது என்றால் கம்பளி எடுத்து வெயிலில் போடுவதும், வெந்நீர் ஹீட்டரைப் பழுதுபார்ப்பதும், ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வீட்டுக்கு முன்னால் திறந்து கிடக்கும் முற்றத்தையும் அதை ஒட்டிய வராந்தாவையும் கவனிப்பவர்கள் குறைவு. ஆனால் மாசி மாதம் பிறந்து வெயில் ஏறும்போது வீட்டில் எந்த இடம் அதிகம் பழுதாகியிருக்கிறது என்று பார்த்தால், அது இந்த இரண்டு இடங்களாகத்தான் இருக்கும். நாகலூர்ப் பக்கத்தில் சிறிய காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு பழைய ஓட்டு வீட்டில் நாங்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கிறோம். ஆண்டுதோறும் இந்த வேலைகளைச் செய்தும், செய்பவர்களோடு உடனிருந்து பார்த்தும் கற்றுக்கொண்டவற்றை, மலையில் புதிதாக வீடு வாங்குபவர்களுக்கும் கட்டுபவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் நம் மலையின் குளிர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்து சேரும்போது, சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ந்த காற்றுக்குள் வந்துவிடுகிறோம். மார்கழி, தை மாத இரவுகளில் 12, 13 டிகிரி என்பது இங்கே சாதாரணம். அதற்காக ஊட்டியைப் போலப் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிவது நம் ஊரில் வழக்கமில்லை. உறைபனி விழும் நாடுகளில் தரை விரிசலுக்குள் போன தண்ணீர் பனிக்கட்டியாகி, ஏறத்தாழ 9 சதவீதம் பருத்து, கல்லையே பிளந்துவிடும். அங்கே முற்றத்தைப் பராமரிப்பதற்கான அறிவுரைகள் எல்லாம் அந்தப் பயத்தை வைத்துச் சொல்லப்படுபவை. நமக்கு அந்தக் கவலை கிடையாது. நமக்கு இருக்கும் கவலை ஈரம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழை மண்ணிலும் சுவரிலும் ஊறி நிற்கிறது. அது காய்வதற்குள் மூடுபனி வந்துவிடுகிறது. சில்வர் ஓக் மரங்களின் உச்சியைத் தாண்டி வெயில் முற்றத்துக்குள் வர முற்பகல் ஆகிவிடுகிறது. மாலையில் சீக்கிரமே போய்விடுகிறது. ஈரம் வெளியேற வழியில்லாத இடத்தில்தான் பாசி பிடிக்கிறது, மரம் உளுக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, சுவர் உப்புப் பூக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலைகளை எல்லாம் ஐப்பசி அடைமழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஆவணியிலும் புரட்டாசியிலும் மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் இறங்கும். காலையில் நான்கைந்து மணி நேரம் வேலை செய்யக் கிடைக்கும். அந்த நேரத்தைக் கூரைக்கும் தரைச் சரிவுக்கும் வடிகாலுக்கும் செலவிட வேண்டும். பாசி தேய்ப்பது, மரச்சாமான்களுக்கு எண்ணெய் பூசுவது, இரும்புக்குப் பெயின்ட் அடிப்பது ஆகியவற்றைக் கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் காயும்போது வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசையை மாற்றிப் போட்டால் செய்த வேலையையே மறுபடி செய்ய நேரும்.

கூரையில் மங்களூர் ஓடு இருந்தால், நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில் வராந்தாவுக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பதே சிறந்த சோதனை. விரிந்த ஓடும் விலகிய ஓடும் ஊசிமுனை வெளிச்சமாகக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறித்து வைத்தால் மேலே ஏறுபவருக்குத் தேட வேண்டியிருக்காது. ஓட்டின்மேல் நேரடியாகக் கால் வைக்காமல், ஏணியைக் கூரைமீது படுக்கவைத்து அதன்மேல் எடையைப் பரப்பி நகர வேண்டும். இல்லாவிட்டால் ஓர் ஓட்டை மாற்றப் போய் நான்கு ஓடு உடையும். ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடுக்கில் பாசியும் தூசியும் அடைத்திருந்தால் மழைத்தண்ணீர் மேல்நோக்கி ஏறி உள்ளே சொட்டும். நல்ல ஓடு ஒழுகுகிறதே என்று குழம்புவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். உச்சிமோட்டுப் பூச்சில் விரிசல் இருந்தால் அதையும் அப்போதே அடைத்துவிட வேண்டும்.

வராந்தாவுக்குத் தகரமோ பாலிகார்பனேட் ஷீட்டோ போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழையே இல்லாத மார்கழி விடியலில் ஷீட்டின் அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டினால் அது ஓட்டை அல்ல. இரவில் ஷீட் காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்து, அதன்மேல் ஈரக்காற்று பட்டு நீராகப் படிந்து சொட்டுகிறது. இதற்குச் சீலண்ட் வாங்கிப் பூசுவது வீண் செலவு. ஷீட்டின் மேல்முனையில் காற்று போக ஓர் இடைவெளி விட்டால், அல்லது அடியில் மூங்கில் பாய் அடித்தால், சொட்டுவது வெகுவாகக் குறையும்.

கூரைத் தண்ணீர் விழும் காலவாயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலையில் காப்பிக்கு நிழலாக நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக். அதன் இலை பெரணி இலைபோல் பல கிளையாகப் பிரிந்திருக்கும். மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெள்ளி. காய்ந்து விழுந்த இலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நனைந்ததும் கம்பளம்போல் இறுகிவிடுவதால், சாதாரண வலைமூடி வைத்தாலும் அந்த மூடிக்கு மேலேயே படிந்து தண்ணீரைத் தடுத்துவிடும். காலவாய்க்குள் கையை விட்டு வாரினால் கறுத்த இலைப்பாயாக முழத்துக்கு முழம் வரும். தட்டையான மூடிக்குப் பதிலாகக் குமிழாக மேலெழும்பிய கம்பிவலையைக் குழாய் வாயில் வைத்தால், சுற்றிலும் இலை படிந்தாலும் உச்சி வழியாகத் தண்ணீர் இறங்கும். அடைமழைக் காலத்தில் வாரம் ஒருமுறை காலவாயை வாருவதை விட்டுவிடவே கூடாது.

அடுத்தது தரைச் சரிவு. எங்கள் வீட்டில் வேலை செய்யும் கொத்தனார் பெரியவர், எதைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டாலும், "மொதல்ல ஒரு கொடம் தண்ணிய ஊத்துங்க கண்ணு, அது எங்க போவுதுன்னு பாத்துட்டு அப்புறம் சிமெண்ட் வாங்கலாம்" என்பார். அவர் சொல்வதுபோலவே செய்வது நல்லது. முற்றம் முழுவதும் தண்ணீரை ஊற்றி, அரை மணி நேரம் கழித்து எங்கெல்லாம் தேங்கி நிற்கிறதோ அந்தத் தேக்கத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பத்தடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் தங்காமல் ஓடும். இறக்கம் எப்போதும் வீட்டுச் சுவரை விட்டு வெளியே பார்த்து இருக்க வேண்டும். மலைச்சரிவில் மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய வீடுகளில் பின்பக்க மேட்டிலிருந்து வரும் தண்ணீரும் முற்றத்துக்குள் நுழையும். அதற்கு மேட்டின் அடியிலேயே தனியாக ஒரு வாய்க்கால் வெட்டி, வீட்டைச் சுற்றித் திருப்பி விடுவதைத் தவிர வேறு வழியில்லை. தரைக்கு எவ்வளவு விலையுயர்ந்த கல் போட்டாலும் அந்த வாய்க்கால் இல்லையென்றால் பயனில்லை.

சிறு பள்ளங்களையும் விரிசல்களையும் அடைக்கும்போது, கம்பிப் பிரஷ்ஷால் உள்ளே இருக்கும் மண்ணையும் பாசி வேரையும் முழுவதும் சுரண்டியெடுத்து, நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் என்ற அளவில் கலந்து, ஒட்டுப்பசைத் திரவம் சிறிது சேர்த்து அழுத்தி நிரப்ப வேண்டும். குளிர்ந்த ஊரில் சிமெண்ட் இறுகுவதற்கு அதிக நாள் எடுக்கும் என்பதால், ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு மூடி வைப்பது அவசியம். தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் சிமெண்ட் வேண்டாம். அந்த இடம் வெயிலுக்கும் குளிருக்கும் சிறிது அசைந்துகொண்டே இருக்கும். ரப்பர்போல் இழுபடும் பாலியூரிதேன் சீலண்ட்தான் அங்கே தாங்கும்.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்காகச் சுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் வேலையே அதிகக் கேடு விளைவிப்பது இங்கேதான். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த பிறகு எழும்பிய தோட்டத்து வீடுகள் பலவும் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதுதான் அதன் இயல்பு. அப்படிப்பட்ட சுவரின் அடிப்பாகம் உதிர்கிறது என்று கெட்டிச் சிமெண்டால் பூசி, அதன்மேல் பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே வர வழியின்றிப் பூச்சுக்குப் பின்னாலேயே தங்கிவிடும். ஓரிரு மழைக்காலத்துக்குள் பெயின்ட் கொப்புளமாக எழும்பி, விரலால் அழுத்தினால் உள்ளிருந்து வெள்ளை உப்புத் தூள் கொட்டும். அதோடு, ஈரம் உயரே ஏறி முன்பு உலர்ந்திருந்த பகுதியையும் நனைக்கத் தொடங்கும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்புக் கலவையாலேயே பழுதுபார்க்க வேண்டும். வெள்ளையும் நீற்றிய சுண்ணாம்பாகவே அடிக்க வேண்டும். பார்க்க மங்கலாகத் தெரியலாம், சுவர் மூச்சுவிடும். சுவரை ஒட்டிக் குவித்து வைத்திருக்கும் மண்ணையும் பூந்தொட்டிகளையும் விலக்கி, வீட்டுத் தரைமட்டத்துக்கு அரை அடியாவது கீழே வெளிமண் இருக்கும்படி வெட்டிவிட்டாலே பாதி ஈரம் குறைந்துவிடும். இதற்குக் கூலியைத் தவிரச் செலவு எதுவும் இல்லை.

மழை நின்றதும் பாசி வேலையைத் தொடங்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பனியில் நனைந்த பாசியில் விடியற்காலையில் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் படும் துன்பம் பெரிது. சிகிச்சைக்கும் மலையிறங்கிச் சேலம் போக வேண்டியிருக்கும். பத்து லிட்டர் வாளித் தண்ணீருக்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரைத் தரையில் பரப்பி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தென்னைநார்ப் பிரஷ்ஷால் தேய்த்து நிறைய தண்ணீர் விட்டுக் கழுவினால் பாசி போய்விடும். கையுறையும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொள்ள வேண்டும். கழுவிய நீர் செடிப் பாத்திக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். தரைக்கு ஆசிட்டே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. ஆசிட் பட்டால் மேற்பரப்பு அரித்துச் சொரசொரப்பாகி, அடுத்த ஆண்டு முன்னைவிட அதிகமாகப் பாசி பற்றும். சிமெண்டுத் தரைக்கும் அதே கதிதான். பாசி ஏன் அந்த இடத்தில் மட்டும் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்; தாழ்ந்து தொங்கும் ஒரு கிளையை வெட்டி இரண்டு மணி நேர வெயிலைக் கூடுதலாக உள்ளே விட்டால், அது எந்தப் பவுடரைவிடவும் நன்றாக வேலை செய்யும்.

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் முற்றத்தின் எல்லாப் பக்கத்தையும் மூட வேண்டியதில்லை. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் சுருட்டி ஏற்றக்கூடிய மூங்கில் தட்டி கட்டினால் போதும். தார்ப்பாயை முழுவதுமாக இழுத்துக் கட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. காற்று அதைப் பாய்மரமாக உப்பச் செய்து தூணையே அசைத்துவிடும். காற்று நின்ற நாளில் உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சை வாடை அடிக்கும். மூங்கில் தட்டி காற்றின் வேகத்தை உடைக்கும், அடியோடு தடுக்காது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் விட்டுத் தொங்கவிட்டால் தட்டியின் அடிமுனை நனைந்து அழுகாது. குரங்குகள் அதிகம் வரும் இடமாக இருந்தால், சணல் கயிற்றுக்குப் பதிலாகக் கம்பிக் கொக்கிகளால் கட்டுவது நல்லது.

மர நாற்காலியும் பெஞ்சும் உளுக்கத் தொடங்குவது உட்காரும் பலகையில் அல்ல, காலின் அடிமுனையில்தான். மரத்தின் நார்கள் அங்கே வெட்டுண்டு திறந்திருப்பதால், ஈரத்தரையில் நின்றால் தண்ணீரை மேலே உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கால்முனைகளை நன்றாக உலரவிட்டு, உறிஞ்சுவது நிற்கும்வரை ஆளிவிதை எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவி, பிறகு ரப்பர் மூடி மாட்டிவிட்டால் தேக்குச் சாமான்கள் பல ஆண்டுகள் உழைக்கும். எண்ணெய் தடவிய துணியைக் கசக்கிச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பற்றக்கூடும். துணியை விரித்துக் கொடியில் காயப்போட்டு, முழுவதும் விறைத்த பிறகே எறிய வேண்டும். பிரம்புச் சாமான்களையும் பஞ்சு மெத்தைகளையும் இந்த இரண்டு மூன்று மாதமும் உள்ளே எடுத்து வைப்பதுதான் சரி. இரும்பு நாற்காலிக்குத் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்மேல் எனாமல் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் மாசிக்குள் செதில் செதிலாக வந்துவிடும்.

செடிகளுக்குப் பனிக்காலத்தில் தண்ணீரைக் குறைப்பதே முக்கியமான வேலை. தொட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கும் தட்டுகளை எடுத்துவிட்டு, செங்கல் துண்டுகளின்மேல் தொட்டியைத் தூக்கி வைக்க வேண்டும். ஊற்றுவதைக் காலையில் ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் வேர் குளிர்ந்த சேற்றில் நிற்கும். அடீனியம் இலையுதிர்த்து உறங்கும் காலம் இது. அதைக் கூரைக்கடியில் நகர்த்தித் தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிடலாம். ஹைட்ராஞ்சியாவைப் பார்க்க மொட்டையாக இருக்கிறதே என்று இப்போது கத்தரித்தால், பழைய கொம்பில் உருவாகியிருக்கும் மொட்டெல்லாம் போய்விடும். பாயின்செட்டியாவின் மேலிலைகள் சிவப்பது இரவு நீள்வதால். பக்கத்தில் வராந்தா விளக்கு விடிய விடிய எரிந்தால் அந்தப் பக்கத்துக் கிளைகள் மட்டும் பச்சையாகவே நிற்பதைக் காணலாம். விளக்கை அணைத்துப் பழகுவதற்கு இதைவிட அழகான காரணம் வேண்டியதில்லை.

விளக்கைச் சொல்லும்போது மின்சாரத்தையும் சொல்லிவிட வேண்டும். மூடுபனி சுவிட்சுப் பெட்டிக்குள்ளும் நுழைந்து நீராகப் படியும். வெளியில் இருக்கும் பிளக் பாயிண்டுகளுக்கு மழை புகாத மூடி போட வேண்டும். அந்த இணைப்புக்கு 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் பாதுகாப்பு பிரேக்கரை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்த வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மாலையில் முற்றத்தில் கணப்பு மூட்டி உட்காருவது மலைவாழ்வின் இன்பங்களில் ஒன்று. வெட்டியெடுத்த பழைய காப்பிக் கட்டை நின்று எரியும். சில்வர் ஓக் சீக்கிரம் எரிந்து முடிந்துவிடும். விறகை மழைக்கு முன்பே பிளந்து, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, கல்லின்மேல் உயர்த்தி அடுக்க வேண்டும். சுவரை ஒட்டி அடுக்கினால் கரையான் வீட்டுக்குள் ஏறும். பாம்பும் தேளும் இடுக்கில் ஒதுங்கும் என்பதால் விறகெடுக்கும்போது டார்ச் இல்லாமல் கை வைக்கக் கூடாது. தட்டியை இறக்கி மூடிய வராந்தாவுக்குள்ளோ படுக்கையறைக்குள்ளோ கரியடுப்பைக் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போன செய்திகள் மலை ஊர்களிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. விருந்தாளிகள் வந்தால் இதை நான் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

சிறு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மார்கழியிலிருந்து காப்பிப் பழம் பறிப்பு சூடுபிடிக்கும்போது, தனிக் களம் இல்லாத வீடுகளில் இந்த முற்றம்தான் களம். பறித்த பழம் காய்ந்து ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு இறங்க இரண்டு வாரம்போல் ஆகும். அதுவரை பகலில் கிளறிவிட்டு, மாலையில் குவித்து மூடி, காலைப் பனி உலர்ந்த பிறகே மறுபடி பரப்ப வேண்டும். காப்பி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் பொருள். ஆகவே பிளீச்சிங் பவுடர், பெயின்ட், ஆளிவிதை எண்ணெய் வேலைகள் எல்லாம் முதல் கூடை வந்து இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே முடிந்து, தரை நன்றாகக் கழுவப்பட்டு, வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். மூக்கைத் தரையருகே கொண்டுபோனால் எந்த வாடையும் வரக் கூடாது. வந்தால் இன்னொரு முறை கழுவிக் காயவிட்ட பிறகே பழத்தைக் கொட்ட வேண்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்; பொங்கல் முடிந்ததும் தட்டிகளை அவிழ்த்துவிடாமல் மாசி கடைசிவரை விட்டுவைத்து, அவிழ்க்கும்போது நன்றாகக் காயவைத்துச் சுருட்டிப் பரணில் ஏற்றினால் அடுத்த ஆண்டுக்கும் அவை உதவும்.